கோத்தகிரி இலைக் கணக்குக்கு ஒரு குட்டி லாங்வேஜ்: டிசைன்ல இருந்து கம்பைலர் வரைக்கும்

சொந்தமா ஒரு ப்ரோக்ராமிங் லாங்வேஜ் பண்ணணும்னு ஆரம்பிக்கற பலபேரு கிளாஸ், இன்ஹெரிட்டன்ஸ், கார்பேஜ் கலெக்‌ஷன்னு பெரிய லிஸ்ட்டா போட்டுட்டு முதல் படியான லெக்ஸர் முடியறதுக்குள்ளயே விட்டுடறாங்க. லாங்வேஜ் எதுக்குன்னு முடிவு பண்ணாம உக்காந்தா எந்த ஃபீச்சர் வேணும் எது வேணாம்னு சொல்ல அளவுகோலே இருக்காது, எல்லாமே வேணும்னுதான் தோணும். அதனால என்கிட்ட யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இதுதான்: உங்களுக்கு நல்லா தெரிஞ்ச ஒரே ஒரு வேலைய எடுத்துக்குங்க, அந்த வேலைக்கு மட்டும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஓடற மாதிரி ஒரு குட்டி லாங்வேஜ் பண்ணுங்க, பெருசு பண்றத அப்புறம் பாத்துக்கலாம்.

நான் எடுத்துக்கிட்டது பச்சை இலைக் கணக்கு. நீலகிரில கோத்தகிரி, கட்டபெட்டு, மஞ்சூர்னு எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஏக்கரா ரெண்டு ஏக்கரா தேயிலை வெச்சிருக்கற குடும்பங்க இருக்கு. பறிச்ச இலைய எடை போட்டு ஃபேக்டரிக்கு விடுவாங்க, மழைல நனைஞ்ச இலைன்னா ஈரத்துக்குனு ஒரு சதவீதம் கழிப்பாங்க, அப்புறம் விலைய வெச்சு பெருக்கி, வாங்குன முன்பணம், உரக்காசு எல்லாம் போக மிச்சம் கைக்கு வரும். எக்ஸெல்ல போட்டுடலாமேன்னு கேப்பீங்க, போடலாம், ஆனா எக்ஸெல்ல விதி எல்லாம் செல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், கணக்கு கேக்கறவங்களுக்கு வாய்விட்டு படிச்சு காட்ட முடியாது. படிச்சா புரியற மாதிரி விதி எழுதணும்ங்கறதுதான் இந்த லாங்வேஜோட மொத்த நோக்கம். பேரு 'கொழுந்து'னு வெச்சுக்கலாம். தமிழ்ல எழுதற லாங்வேஜ் புதுசு ஒண்ணும் இல்ல, எழில்னு ஒண்ணு ஓப்பன் சோர்ஸாவே இருக்கு, அதோட சோர்ஸ் கோடையும் ஒரு தடவ படிச்சு பாருங்க, நிறைய கத்துக்கலாம்.

கம்பைலர்ல (எழுதின ப்ரோக்ராம மெஷின் ஓட்டற வடிவத்துக்கு மாத்தற சாஃப்ட்வேர்) ஒரு வரி எழுதறதுக்கு முன்னாடி அந்த லாங்வேஜ்ல நாலஞ்சு ப்ரோக்ராம் பேப்பர்ல எழுதிடுங்க. லாங்வேஜே இல்லாதப்ப எப்படி எழுதறதுன்னா, இருக்கற மாதிரி நினைச்சுக்கிட்டு எழுதுங்க. நான் எழுதினதுல முதல் ப்ரோக்ராம் இப்படி இருந்துச்சு:

விலை = 18.50
எடை = 46.250
மழை = 1
மழை == 1 எனில்
    எடை = எடை - எடை * 8 / 100
முடி
எடை * விலை காட்டு

'எனில்', 'காட்டு' ரெண்டும் கடைசில வர்றத கவனிங்க. இங்கிலீஷ் லாங்வேஜ்ல இஃப், பிரிண்ட் எல்லாம் முன்னாடி வரும், அத அப்படியே தமிழ் வார்த்தைய மட்டும் மாத்தி 'எனில் மழை', 'காட்டு தொகை'ன்னு வெச்சா யாரும் அப்படி பேச மாட்டாங்க. நாம வினைய கடைசிலதான் சொல்றோம், லாங்வேஜும் அப்படியே இருக்கட்டும், வாக்கியத்த பிரிச்சு புரிஞ்சுக்கற பார்ஸர் எழுதறதுக்கும் இது ஒண்ணும் கஷ்டம் இல்ல, கீழ காட்டறேன். ஆனா வேற்றுமை உருபுக்குள்ள போயிடாதீங்க, 'தொகையைக் காட்டு'ன்னு எழுதினாலும் புரியணும்னு ஆசைப்பட்டா அது தனி ஆராய்ச்சி, பேரு பேராவே நிக்கட்டும்.

எழுதினத அந்த வேலை தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க, கோடிங் தெரியாதவங்களா இருந்தா இன்னும் நல்லது. எங்க லைன்ல இலைக் கணக்கு எழுதற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, அவங்க இந்த பேப்பர பாத்துட்டு, "ஏந்தம்பி, மழைன்னா மழைதானே, அதுக்கு எதுக்கு ஒண்ணு போட்டு ரெண்டு சமம் போடற?"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்வில லாங்வேஜுக்கு ரெண்டாவது டைப் (மதிப்போட வகை) வந்துடுச்சு. எண்ணு ஒண்ணு, உண்மை ஒண்ணு, உண்மைக்கு 'ஆம்', 'இல்லை'ன்னு ரெண்டே மதிப்பு. இப்ப 'மழை = ஆம்' போட்டுட்டு 'மழை எனில்'னு எழுதினா போதும். 'எடை எனில்'னு யாராவது எழுதினா அது தப்புன்னு கம்பைலரே சொல்லணும், எடை எண்ணாச்சே. சி லாங்வேஜ் மாதிரி பூஜ்யம் இல்லாத எல்லாம் உண்மைன்னு விட்டுட்டா கணக்குல வர்ற பிழைய யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்த முடிவு எண் எப்படி வெச்சுக்கறதுங்கறது, காசுக் கணக்குன்னா இதுல ரொம்ப கவனமா இருக்கணும். ஃப்ளோட் (தசம எண்ண பைனரில தோராயமா வெச்சுக்கற முறை) வேணாம். 18.50ஐ 46.250ஆல பெருக்குனா 855.625, அத ரெண்டு தசமத்துக்கு ரவுண்டு பண்ணுன்னு பைத்தான்கிட்ட சொன்னா 855.62னு வரும், ஏன்னா சரிபாதில நின்னா இரட்டைப்படை பக்கம் போகணும்ங்கறது அதோட விதி, ஆனா நம்ம ஊர்ல கையால கணக்கு போடறவங்க 855.63னுதான் எழுதுவாங்க. 0.1 கூட பைனரில முழுசா நிக்காது, அது வேற. அதனால கொழுந்துல எல்லா எண்ணையும் ஆயிரத்தால பெருக்கி 64 பிட் இன்டிஜரா (முழு எண்ணா) வெச்சுக்கறோம், 18.50ன்னா உள்ள 18500, 46.250ன்னா 46250. கூட்டல் கழித்தல் அப்படியே நடக்கும். பெருக்கினா ஆயிரம் ரெண்டு தடவ வந்துடும், அதனால ஒரு ஆயிரத்தால வகுக்கணும். வகுக்கும்போது முதல்ல ஆயிரத்தால பெருக்கிட்டு வகுக்கணும். ரவுண்டு பண்றது 'காட்டு'ல மட்டும்தான், நடுவுல எங்கயும் கிடையாது.

இதுலயும் ஒரு கண்ணி இருக்கு. ஈரக் கழிவு 8.25 சதவீதம்னு வெச்சுக்குங்க. எடை * 8.25 / 100ன்னு எழுதினா 46.250 கிலோவுக்கு 3.815 கிலோ கழியும். அதையே எடை * (8.25 / 100)ன்னு எழுதினா அடைப்புக்குறிக்குள்ள 0.0825 வரவேண்டியது மூணு தசமத்துக்கு மேல இடம் இல்லாததால 0.082ஆ வெட்டுப்பட்டு 3.792தான் கழியும், 23 கிராம் வித்தியாசம். ஒரு நாளைக்கு 23 கிராம் சின்னதா தெரியலாம், ஆனா ஒரே விதிய ரெண்டு விதமா எழுதினா ரெண்டு விடை வருதுங்கறது லாங்வேஜ் மேல இருக்கற நம்பிக்கையே போயிடற விஷயம். தீர்வு வேணும்னா ஆயிரத்துக்கு பதிலா பத்து லட்சத்தால பெருக்கி வெச்சுக்குங்க, அப்ப பெருக்கலுக்கு நடுவுல வர்ற எண் 64 பிட்டுக்குள்ள அடங்காம போகலாம், அந்த இடத்துல மட்டும் 128 பிட் இன்டிஜர் யூஸ் பண்ணிக்கலாம், சி கம்பைலர்களான ஜிசிசி, கிளாங் ரெண்டுமே 64 பிட் மெஷின்ல அத குடுக்குது. எது எடுத்தாலும் ஒரு பக்கத்துல எழுதி வெச்சிடுங்க, லாங்வேஜோட ஸ்பெக்னா அதுதான்.

இப்ப கம்பைலர். நான் பைத்தான்ல எழுதி சி கோடா வெளிய தள்ற வழியத்தான் சொல்வேன். லெக்ஸர் எழுத்துகள வார்த்தையா பிரிக்கும், பார்ஸர் வார்த்தைகள மரமா (எது எதுக்குள்ள வருதுன்னு காட்டற கிளை அமைப்பா) கட்டும், செக்கர் மரத்துல அர்த்தப்பிழை இருக்கான்னு பாக்கும், கடைசில ஜெனரேட்டர் அந்த மரத்துல இருந்து சி எழுதும். 1957ல ஐபிஎம்ல ஜான் பேக்கஸ் டீம் ஃபோர்ட்ரான் கம்பைலர வெளிய விட்டப்ப அவங்களுக்கு முன்மாதிரினு பெருசா ஒண்ணும் கிடையாது, 1954ல ஆரம்பிச்சு கிட்டத்தட்ட மூணு வருஷம் ஆச்சு. அவங்க அப்படி கஷ்டப்பட்டு கத்துக்கிட்டதெல்லாம் இன்னைக்கு நமக்கு ரெடியா கிடைக்குது, அதனாலதான் ஒரு ஆள் தனியா உக்காந்து பண்ண முடியுது.

லெக்ஸர்ல தமிழுக்குன்னே சில சிக்கல் இருக்கு, இத எந்த இங்கிலீஷ் டுடோரியலும் சொல்லாது, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். 'தேயிலை' நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்கற யூனிகோடுல அது ஆறு கோட்பாயிண்ட் (அந்த நம்பருக்கு பேரு அதுதான்), த, ஏகாரக்குறி, ய, இகரக்குறி, ல, ஐகாரக்குறி. அத ஃபைல்ல சேமிக்கற யுடிஎஃப்-8 முறைல 18 பைட். பைத்தான்ல இது எழுத்தான்னு கேக்கற ஃபங்ஷன உயிர்க்குறிகிட்டயோ புள்ளிகிட்டயோ கேட்டா இல்லன்னு சொல்லும், ஏன்னா யூனிகோடு கணக்குல அதெல்லாம் 'மார்க்' வகை, 'லெட்டர்' வகை இல்ல. ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல (பேட்டர்ன் குடுத்து எழுத்து தேடற முறை) வார்த்தைக்குனு இருக்கற குறியும் அதே மாதிரி குறியெழுத்து வர்ற இடத்துல எல்லாம் வார்த்தைய வெட்டிடும். அதனால அத நம்பாதீங்க, தமிழ் பிளாக்குல இருக்கற உயிர், மெய், குறி, புள்ளி எல்லாத்தையும் நீங்களே ஒரு தொகுப்பா போட்டு, அதுக்குள்ள இருக்கற வரைக்கும் ஒரே வார்த்தைன்னு எடுத்துக்குங்க, வார்த்தையோட முதல் எழுத்து மட்டும் உயிராவோ மெய்யாவோ இருக்கணும்.

அதுக்கும் முன்னாடி ஃபைல படிச்ச உடனே என்எஃப்சி நார்மலைசேஷன் (ஒரே எழுத்த ரெண்டு விதமா எழுதினா ஒண்ணாக்கறது) பண்ணிடுங்க. 'கொ'ங்கறத ஒகரக்குறி ஒண்ணாவும் எழுதலாம், எகரக்குறியும் காலும் சேத்து ரெண்டாவும் எழுதலாம், கீபோர்டுக்கு கீபோர்டு மாறும், பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா கம்பைலருக்கு ரெண்டு வேற வேற வேரியபிள் (மதிப்ப வெச்சுக்கற பேரு). நார்மலைஸ் பண்ணா ஒண்ணாயிடும். ஆனா 'ஔ'க்கு பதிலா ஒ போட்டு பக்கத்துல ள போட்டு எழுதினா அத என்எஃப்சி சரி பண்ணாது, அது நிஜமாவே வேற எழுத்துகள், அத பின்னாடி வர்ற பேர்ப்பிழை மெசேஜ்தான் பிடிக்கணும். தமிழ் எண்கள கொழுந்து ஏத்துக்காதுன்னு நான் முடிவு பண்ணேன், ௧ பாக்க க மாதிரியே இருக்கு, ௭ பாத்தா எ மாதிரி இருக்கு, பைத்தான் வேற தமிழ் எண்ண குடுத்தா சத்தமே இல்லாம எண்ணா மாத்திக்கும், காசுக் கணக்குல அந்த குழப்பம் வேணாம். வாட்ஸ்அப்ல இருந்து காப்பி பண்ணா கண்ணுக்கு தெரியாத ஜீரோ விட்த் கேரக்டர் வந்து ஒட்டிக்கலாம், அத தூக்கி போட்டுடுங்க. மத்தபடி ரெண்டு சமத்த ஒரு சமத்துக்கு முன்னாடி செக் பண்ணுங்க, புது வரிய ஒரு டோக்கனா (லெக்ஸர் பிரிச்சு குடுக்கற துண்டா) வெச்சுக்குங்க, லெக்ஸர் முடிஞ்சது.

பார்ஸருக்கு கிராமர் (வாக்கியம் எப்படி அமையணும்ங்கற விதி) எழுதணும். பேக்கஸ், பீட்டர் நார் ரெண்டு பேரு பேர்ல ஆல்கால் 60 லாங்வேஜ் காலத்துல இருந்து வர்ற பிஎன்எஃப்னு விதி எழுதற முறைதான், 'கோவை'ன்னா எடை * விலை மாதிரி ஒரு கணக்குத் துண்டு (எக்ஸ்பிரஷன்), நமக்கு இவ்வளவு போதும்:

வாக்கியம் → பேர் '=' கோவை
வாக்கியம் → கோவை 'காட்டு'
வாக்கியம் → கோவை 'எனில்' வாக்கியங்கள் 'முடி'

மூணுமே பேருல ஆரம்பிக்கலாம், அப்ப எந்த விதின்னு பார்ஸருக்கு எப்படி தெரியும்? வினை கடைசில இருக்கறதால முதல்ல கோவைய முழுசா படிச்சிடணும், அப்புறம் அடுத்த டோக்கன் என்னன்னு பாக்கணும். 'காட்டு' வந்தா அச்சடிக்கற வாக்கியம், 'எனில்' வந்தா நிபந்தனை, '=' வந்தா மதிப்பு குடுக்கறது, அந்த கடைசி கேஸ்ல மட்டும் இதுவரைக்கும் படிச்ச மரம் ஒத்தப் பேரான்னு பாத்துக்கணும், 'எடை + 2 = 5'ன்னு யாராவது எழுதினா சமத்துக்கு இடது பக்கம் பேரு மட்டும்தான் வரலாம்னு சொல்லிடணும். ஒவ்வொரு விதிக்கும் ஒரு ஃபங்ஷன், அவ்வளவுதான், இதுக்கு ரிகர்சிவ் டிசென்ட்னு பேரு. யாக் மாதிரி பார்ஸர் ஜெனரேட்டர் (கிராமர குடுத்தா பார்ஸர தானா எழுதற டூல்) வேணாம், கையால எழுதினாதான் எர்ரர் மெசேஜ் உங்க கைல இருக்கும்.

கோவைக்குள்ள எது முதல்ல எது அப்புறம்ங்கறதுக்கு ஒவ்வொரு குறிக்கும் ஒரு பலம் குடுத்துடுங்க. ஒப்பீட்டுக்கு 1, கூட்டல் கழித்தலுக்கு 2, பெருக்கல் வகுத்தலுக்கு 3. கம்ப்யூட்டர் சயின்டிஸ்ட் வான் பிராட் 1973ல எழுதின முறையும் இந்த வழிதான். ஃபங்ஷன் ஒரு குறைந்தபட்ச பலத்த வாங்கிக்கும், ஒரு எண்ணையோ பேரையோ படிக்கும், அடுத்து வர்ற குறியோட பலம் அதுக்கு சமமாவோ மேலயோ இருக்கற வரைக்கும் அத எடுத்துக்கிட்டு, வலது பக்கத்த படிக்க தன்னையே ஒண்ணு கூட்டின பலத்தோட கூப்பிடும். எடை - எடை * 8 / 100ல ஓட்டி பாருங்க. 1ல ஆரம்பிச்சு எடைய படிச்சு கழித்தல எடுக்குது, வலது பக்கத்த 3ல கூப்பிடுது. அது எடைய படிச்சு பெருக்கல எடுக்குது, வலது பக்கத்த 4ல கூப்பிடுது. அங்க 8 படிச்ச உடனே வகுத்தல் வருது, அதோட பலம் 3, 4க்கு பத்தாது, அதனால 8 மட்டும் திரும்புது. இப்ப எடை * 8 ஒரு மரம், அத இடது பக்கமா வெச்சு வகுத்தல எடுத்து 100ஐ சேக்குது. கடைசில கழித்தல் எல்லாத்துக்கும் மேல நிக்குது. அந்த ஒண்ணு கூட்டறத விட்டுட்டா 100 - 20 - 5க்கு 75க்கு பதிலா 85 வரும், அதனால இந்த ஒரு வரிய உங்க முதல் டெஸ்ட்டா எழுதி வெச்சிடுங்க.

செக்கர் மரத்த மேல இருந்து கீழ நடந்து, எந்த பேருக்கு என்ன டைப்புன்னு ஒரு டேபிள்ல குறிச்சுக்கிட்டே வரும். மதிப்பு குடுக்காத பேர் வந்தா, எண்ணு இருந்த பேருக்கு ஆம்னு குடுத்தா, 'எனில்'க்கு முன்னாடி எண் வந்தா நிறுத்தும். 'எனில்'க்குள்ள மட்டும் முதல்முதலா மதிப்பு வாங்கின பேர வெளிய யூஸ் பண்ணாலும் தப்புன்னே சொல்லணும், மழை இல்லாத நாள்ல அதுக்கு மதிப்பே இருக்காதே.

எர்ரர் மெசேஜுக்கு நேரம் செலவு பண்ணுங்கன்னு கெஞ்சியே கேட்டுக்கறேன். லாங்வேஜ் யூஸ் பண்றவங்க கம்பைலரோட பேசற இடம் அது ஒண்ணுதான். அவங்களுக்கு இப்படி வரணும்:

வரி 5: 'எட'ங்கற பேருக்கு இன்னும் மதிப்பு குடுக்கல. 'எடை'ன்னு எழுத நினைச்சீங்களா?

கிட்டத்தட்ட பொருந்தற பேர கண்டுபிடிக்க பைத்தான்ல டிஃப்லிப்னு ஒரு லைப்ரரி கூடவே வருது, அது போதும். மத்த கம்பைலர் மாதிரி வரிக்கு கீழ ஒரு அம்புக்குறி போட்டு காட்டாதீங்க, ஆறு கோட்பாயிண்ட் மூணு எழுத்தா தெரியற இடத்துல அம்பு எங்கயோ போய் நிக்கும், வரி எண்ணையும் அந்த வார்த்தையையும் சொன்னா போதும். ஆரம்பத்துல முதல் பிழையோடயே நின்னுடுங்க. 'எனில்' வரில பிழை இருக்கும்போது அடுத்தடுத்து படிச்சா சம்பந்தமே இல்லாம 'முடி'யும் தப்புன்னு வரும், படிக்கறவங்க பயந்துடுவாங்க.

ஜெனரேட்டர்ல ஏன் சி-ன்னு கேட்டா, சி++ஐ உருவாக்கின பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் அத ஆரம்பத்துல சி கோடா மாத்தித்தான் ஓட்டினாரு, நல்ல வழி. 2000ல இல்லினாய் யூனிவர்சிட்டில ஆரம்பிச்ச எல்எல்விஎம் (கம்பைலர் கட்டறதுக்கான தொகுப்பு) இன்னைக்கு பெரிய லாங்வேஜுக்கெல்லாம் முதுகெலும்பா இருக்கு, அத கத்துக்கணும்தான், ஆனா முதல் லாங்வேஜுக்கு அது பெரிய சுமை, தவிர மழைக்காலத்துல கரண்டும் நெட்டும் ஒண்ணா போற ஊர்ல அவ்வளவு பெருச டவுன்லோட் பண்ணிட்டு உக்காந்திருக்கணும். ஜிசிசி இருந்தா போதும், போன்ல டெர்மக்ஸ் ஆப் போட்டு கிளாங்க வெச்சு கூட ஓட்டிடலாம், அந்த அக்கா போன்லதான் ஓட்டறாங்க.

மரத்த கீழ இருந்து மேல நடந்தா கோட் தானா வந்துடும், ரெண்டு கிளையையும் எழுதிட்டு அப்புறம் குறிய எழுதணும். எடை * 8 / 100 ஸ்டேக் மெஷினுக்குன்னா (மதிப்ப ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, மேல இருந்து எடுத்து கணக்கு போடற மெஷின்) இப்படி வரும்:

தள்ளு எடை
தள்ளு 8
பெருக்கு
தள்ளு 100
வகு

நிக்லாஸ் விர்த்தோட பாஸ்கல் லாங்வேஜ இந்த மாதிரி பி-கோடா மாத்தி பல மெஷின்ல பரப்பினாங்க, சொந்தமா விஎம் (சாஃப்ட்வேராவே இருக்கற மெஷின்) எழுதணும்னா இந்த வழில போங்க. சி-க்கு போறதுன்னா அஞ்சு வரிக்கு பதிலா அடைப்புக்குறி போட்ட ஒரு கோவையா எழுதிடலாம், பெருக்கலும் வகுத்தலும் நேரா எழுதாம ஆயிரத்த பாத்துக்கற உங்க ரெண்டு ஹெல்பர் ஃபங்ஷன கூப்பிடணும். 100க்கு பதிலா பூஜ்யம் வந்தா அந்த வகுத்தல் ஃபங்ஷனே வரி எண்ணோட தமிழ்ல மெசேஜ் குடுத்து நிறுத்தட்டும். வேரியபிள் பேர தமிழ்லயே சி-க்கு அனுப்பாதீங்க, ஜிசிசி 10க்கு முன்னாடி வெர்ஷன் எல்லாம் அத ஏத்துக்காது, ஒவ்வொரு பேருக்கும் ஒரு நம்பர் குடுத்து அந்த நம்பர்ல ஒரு பேர் பண்ணி எழுதுங்க. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னாடி சியோட லைன் டைரக்டிவ் (மூல ஃபைல்ல எத்தனாவது வரின்னு சொல்ற குறிப்பு) போட்டுட்டா, பிழை தேட உதவற டீபக்கர் உங்க கொழுந்து ஃபைல் வரியவே காட்டும்.

பைத்தான்லயே மரத்த நடந்து ஓட்டற இன்டர்ப்ரெட்டரும் ஒண்ணு எழுதி வெச்சுக்குங்க, ரொம்ப சின்ன வேலை, ரெண்டு வழிலயும் ஒரே விடை வருதான்னு ஒப்பிட்டு பாக்கலாம். அப்படி பாக்கும்போது மைனஸ் எண்ல கண்டிப்பா இடிக்கும். -7ஐ 2ஆல முழு எண்ணா வகுத்தா பைத்தான் -4ங்கும், சி -3ங்கும். முன்பணம் அதிகமா வாங்கின மாசம் பாக்கி மைனஸ்ல போறது இங்க சகஜம், அதனால எந்தப் பக்கம் போகணும்னு நீங்க முடிவு பண்ணி ரெண்டு பக்கமும் அதையே செய்ய வைங்க. ரவுண்டு பண்றதுக்கும் இதே.

ஒரு ஃபோல்டர்ல ஒவ்வொரு குட்டி ப்ரோக்ராமும், பக்கத்துல அதுக்கு வரவேண்டிய விடையும் வெச்சு ஒரே கமாண்ட்ல எல்லாத்தையும் ஓட்டி பாருங்க. மேல இருக்கற முதல் ப்ரோக்ராமுக்கு 42.550 கிலோ, தொகை 787.175, காட்டும்போது 787.18. பிழை கண்டுபிடிச்சா சரி பண்றதுக்கு முன்னாடி அந்த பிழைய காட்டற ப்ரோக்ராம ஃபோல்டர்ல போட்டுடுங்க. எர்ரர் மெசேஜுக்கும் டெஸ்ட் வேணும்.

இது முழுசா ஓடினதுக்கு அப்புறம் லூப் சேருங்க, 'நாள் < 31 உள்ளவரை'ன்னு எழுதினா 'எனில்' மாதிரியேதான், கிராமர்ல ஒரே ஒரு வரி கூடும், சி-ல ஒயில் (while) லூப்பா மாறிடும். அதுக்கடுத்து தினசரி எடைய ஃபைல்ல இருந்து படிக்கறது, ஏன்னா மாசம் முழுக்க எடைய ப்ரோக்ராமுக்குள்ள எழுதிட்டு இருக்க முடியாது. ஃபங்ஷன் அதுக்கும் அப்புறம், அப்பதான் செக்கரோட டேபிள் ஒண்ணா இருந்தது ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்க வேண்டி வரும், உள்ள இருக்கற பேர உள்ள தேடி இல்லன்னா வெளிய தேடணும். ஒவ்வொண்ணு சேக்கறதுக்கு முன்னாடியும் அத யூஸ் பண்ற ஒரு இலைக் கணக்க பேப்பர்ல எழுதுங்க, எழுத வரலன்னா அந்த ஃபீச்சர் இப்போதைக்கு வேணாம்.